வளைகிற இடம்

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கார் நின்றுவிடுகிறது. தடுப்புக்கட்டை எழவில்லை. பின்னால் ஹார்ன் சத்தம். ஊழியர் ஓடிவந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பின்னால போய் வாங்க சார்" என்கிறார். வண்டி இரண்டடி பின்வாங்கி முன்னால் வருகிறது, கட்டை எழுகிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்களாக மாறிய பிறகு, இந்தக் காட்சியைக் காணாத வண்டியோட்டி அரிது. அந்த நேரத்தில் நம் கண் ஸ்டிக்கருக்குத்தான் போகிறது. ஊழியரின் கண்ணும் அங்கேதான். தலைக்கு மேலே தொங்கும் ஆன்டெனாப் பெட்டியிலிருந்து தூண் வழியாக இறங்கிவரும் கறுப்புக் கேபிளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்டிக்கர் பழுதாகியிருக்கலாம், கணக்கில் பணம் தீர்ந்திருக்கலாம், பெரும்பாலும் காரணம் இவையாகவே இருக்கவும் கூடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தடம் மட்டும் மழை பெய்த மறுநாள் திணறுகிறது, காற்றடிக்கும் மாலையில் திணறுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கேபிளைத்தான்.

சுங்கச்சாவடிக் கேபிளாவது பெரும்பாலும் அசையாமல் கிடக்கிறது. வெயில், மழை, காற்று, எலி, அணில் என்று அதன் எதிரிகள் நமக்குத் தெரிந்தவர்கள். தொழிற்சாலைக்குள் நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை என்று நம் தொழில் வட்டாரங்களில், சாவடியில் ஃபாஸ்டேகைப் படிப்பதைப்போலப் பெட்டிகளின் டேக்கைப் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் இன்று கன்வேயர் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. ஏறி இறங்கும் லிஃப்டரில் இருக்கிறது. கிடங்குக்குள் தானே ஓடும் ஷட்டிலில் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்டின் தூக்குமுனையில், ரோபோவின் மணிக்கட்டில் இருக்கிறது. இயந்திரம் நகரும்போது ரீடரோ ஆன்டெனாவோ நகர்கிறது, அதோடு கேபிளும் நகர்கிறது. நகர்கிற கேபிள் வளைகிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை, அதே சில சென்டிமீட்டர் நீளத்தில்.

இந்த வளைவைக் கணக்கிலெடுக்காமல் வாங்கப்பட்ட கேபிளால் நின்றுபோன லைன்களை நிறையப் பார்த்துவிட்டேன். பார்த்தவரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆர்.எஃப்.ஐ.டி. அமைப்பில் கேபிள் கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள் அல்ல. எது நகரும், எது நகராது என்று முதல் வரைபடம் போடும் அன்றைக்கே, ரீடரின் மாடலைப் பேசுவதற்கு முன்பே, அதைப் பேசி முடித்திருக்க வேண்டும்.

ஏன் ஒரு கேபிளுக்கு இத்தனை அக்கறை என்று கேட்பவர்களுக்கு, டேக் எப்படிப் பதில் சொல்கிறது என்பதிலிருந்துதான் விளக்க வேண்டும். ஃபாஸ்டேக் போன்ற பேட்டரி இல்லாத டேக்குக்குச் சொந்தக் குரல் கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே அது உயிர் பெறுகிறது. தன்மேல் விழும் அந்த அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி எதிரொளிக்கிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் எண். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்குச் சோவியத் சிறுவர்கள் பரிசளித்த மரச்சிற்பத்துக்குள், லெவ் தெர்மின் உருவாக்கிய ஒட்டுக்கேட்புக் கருவி ஒன்று ஒளிந்திருந்தது. அதுவும் இதே தத்துவம்தான். பேட்டரியும் ஒயரும் இல்லாததால் 1952 வரை தூதர் மாளிகைச் சுவரில் அது யார் கண்ணிலும் படாமல் தொங்கியது. எதிரொளிக்கும் ஆற்றலைக் கொண்டே செய்தி அனுப்ப முடியும் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அந்தக் கருத்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கராவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை 2005இல் இந்தப் பயன்பாட்டுக்கென்று உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. ரீடரின் அனுப்புதிறனுக்கு உச்சவரம்பு 1 வாட். அந்த 1 வாட் ஆன்டெனாவிலிருந்து கிளம்பி, சில மீட்டர் போய், டேக்கைத் தொட்டுத் திரும்பி ரீடரை அடையும்போது எஞ்சுவது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்கிற அளவில் இருக்கும். பெரும்பாலான ரீடர்களில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே ஆன்டெனா வழியாக, ஒரே கேபிள் வழியாக, ஒரே நேரத்தில் நடக்கிறது. அதாவது ஒரு விரல் தடிமன்கூட இல்லாத கேபிளில் 1 வாட் ஒரு திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு எதிர்த்திசையில் வருகிறது. ரீடர் அதைப் பிரித்தெடுத்துப் படிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்தக் கேபிளில் ஒரு சின்னக் குறை இருந்தால் என்ன ஆகும்? ரீடரும் ஆன்டெனாவும் 50 ஓம் கேபிளை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அவசரத்துக்குக் கையில் கிடைத்த கேபிள் டி.வி. ஒயரைப் போட்டு ஒப்பேற்றியவர்கள் உண்டு. அது 75 ஓம். பார்வைக்கு நன்றாகத் தடிமனாக, பளிச்சென்று இருக்கும். ஆனால் 50 ஓமும் 75 ஓமும் சந்திக்கும் இடத்தில் போகும் ஆற்றலில் 4 சதவீதம் அங்கேயே திரும்பிவிடும். 1 வாட்டில் 40 மில்லிவாட். கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியாது. டேக்கின் பதிலோடு வைத்துப் பார்த்தால் அது 40 கோடி மடங்கு. ஒரு நல்ல ரீடர் இதையும் சமாளிக்கும். மாறாமல் வரும் பிரதிபலிப்பை அளந்து கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கும் வித்தை அதற்குத் தெரியும். அதற்குக் கைவராதது, மாறிக்கொண்டே இருக்கும் பிரதிபலிப்பு. கேபிளுக்குள் நடுக்கம்பியைச் சூழ்ந்திருக்கும் உலோகப் பின்னலில் இழைகள் அறுந்து, ஒவ்வொரு அசைவிலும் தொட்டும் விட்டும் விளையாடத் தொடங்கினால் பிரதிபலிப்பும் அதோடு ஆடுகிறது. டேக் பேசுவதும் பிரதிபலிப்பை ஆட்டித்தான். கேபிளின் ஆட்டத்துக்கு நடுவே டேக்கின் ஆட்டத்தைத் தேடிப்பிடிக்க ரீடர் திணறும்போதுதான் ரீட் எண்ணிக்கை சரிகிறது.

கேபிள் முழுக்க அறுந்துபோனால் நல்லது. அரை மணியில் கண்டுபிடித்து மாற்றிவிடலாம். அறுவதற்கு முந்தைய மாதங்கள்தான் கொடுமை. நூறு பெட்டியில் தொண்ணூற்றேழு படிக்கும், மூன்று விட்டுப்போகும். டேக் மட்டம் என்பார்கள். டேக்கை மாற்றுவார்கள். சாஃப்ட்வேர் என்பார்கள். ரீடரின் அனுப்புதிறனை ஏற்றிப் பார்ப்பார்கள். ஆன்டெனாவை இரண்டு இஞ்ச் திருப்பி வைப்பார்கள், அன்றைக்குச் சரியாகிவிடும். திருப்பும்போது கேபிள் அசைந்து நல்ல நிலையில் நின்றதால் சரியாயிற்று என்று யாருக்கும் தோன்றாது. ஒரு தொழிற்சாலையில் இப்படி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து ஓய்ந்திருந்த நேரத்தில், மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், நிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஓடும்போதுதான் போகுது." மற்றவர்கள் தந்த எல்லா அறிக்கைகளையும்விட அந்த ஒரு வாக்கியத்தில் அதிகத் தகவல் இருந்தது. அவர் அதை ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, பீப் அடிக்கிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் போய்விட்டார்கள். லைனை நிறுத்திவிட்டு, கேபிளைக் கழற்றி மேசைமேல் நீட்டிப் போட்டால் அறுந்த இழைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். மீட்டர் பீப் அடிக்கத்தான் செய்யும். அது நேர்மின்சாரத்துக்குச் சொல்லும் பதில். 866 மெகாஹெர்ட்ஸ் கேட்கிற கேள்வியே வேறு.

அந்தக் கேபிளை வெட்டிப் பிளந்து பார்த்தோம். நகரும் பகுதியோடு கேபிளை ஏந்திக்கொண்டு மடங்கி ஓடும் கேபிள் செயினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அது. மேலுறையில் ஒரு கீறல் கிடையாது. வளைகிற பகுதியில் மட்டும் லேசாக நெளிந்து, பாம்புச் சட்டைபோல மினுங்கியது. பிளேடால் உறையை நீளவாக்கில் கீறி விரித்ததும் கருஞ்சாம்பல் தூள் கொட்டியது. பின்னலின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று உரசி உரசித் தேய்ந்த தூள். பின்னல் ஒருபக்கம் முழுதாகவும் மறுபக்கம் பிய்ந்த பிசிறாகவும் இருந்தது. அதற்குக் கீழே காப்பின்மேல் ஒட்டியிருந்த அலுமினிய ஃபாயில், மடிப்புக்கு மடிப்பு குறுக்குவாக்கில் கிழிந்து வளையம் வளையமாகப் பிரிந்திருந்தது. நடுக்கம்பி ஒற்றைக்கம்பி. அது இன்னும் முறியவில்லை, ஆனால் கையால் லேசாக வளைத்ததுமே 'டக்'கென்று முறிந்தது. புது உலோகம் அப்படி முறியாது. வளைந்து வளைந்து இறுகிப்போன உலோகம் முறியும்.

அது மட்டமான கேபிள் அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். குறைந்த இழப்புக்கென்று செய்யப்பட்ட தரமான கேபிள். ஓரிடத்தில் பொருத்திவிட்டு மறந்துவிட வேண்டிய கேபிள். அதை ஓடவிட்டது தேர்வின் தவறு.

இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. அலையை நன்றாகக் கடத்தும் குணமும் நன்றாக வளையும் குணமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. 1880இல் ஆலிவர் ஹெவிசைடு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புதான் இன்றும் இருக்கிறது: நடுவில் கடத்தி, சுற்றிக் காப்பு, அதைச் சுற்றி உலோக உறை. 50 ஓம் என்பது செம்பின் குணம் அல்ல. நடுக்கம்பியின் தடிமனுக்கும் வெளிப்பின்னலின் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்திலும், இரண்டுக்கும் நடுவிலுள்ள காப்பின் தன்மையிலும் அது இருக்கிறது. நடுக்கம்பி தடிமனாக, ஒற்றையாக, காப்பு நுரைபோல லேசாக, வெளியே ஃபாயில் ஒரு துளி இடைவெளி இல்லாமல் மூடியிருந்தால் இழப்பு குறையும். ஆனால் ஒற்றைக்கம்பி வளைவைத் தாங்காது, நுரை நசுங்கும், ஃபாயில் கிழியும். இழப்பைக் குறைக்கும் ஒவ்வோர் அம்சமும் வளைவுக்கு எதிரி.

கணக்காகப் பார்த்தால்தான் இது உறைக்கும். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள குறைந்த இழப்புக் கேபிளில் 900 மெகாஹெர்ட்ஸ் அருகே மீட்டருக்கு ஏறத்தாழ 0.13 டெசிபல் போகும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ளதில் 0.25. பழைய ஆர்.ஜி. 58 ரகத்தில் ஏறத்தாழ அரை டெசிபல். ரீடர் பேனலுக்கும் ஆன்டெனாவுக்கும் 10 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் இழப்பே இல்லாவிட்டால் 10 மீட்டரில் படிக்கப்படும் டேக், திறந்தவெளிக் கணக்குப்படி முதல் கேபிளில் எட்டரை மீட்டரில் படிக்கப்படும், இரண்டாவதில் ஏழரையில், மூன்றாவதில் ஐந்தரை மீட்டர் சொச்சத்தில். ரீடரின் திறனை ஏற்றி இதை ஈடுகட்டிவிடலாம் என்பார்கள். போகும் வழியில் ஓரளவு ஈடுகட்டலாம். திரும்பி வரும் மெல்லிய பதிலும் அதே கேபிளில் அதே இழப்பைக் கட்டித்தான் வர வேண்டும். டேக்கின் குரலை ஏற்றுவதற்குக் குமிழ் எங்கும் இல்லை.

அப்படியானால் வளையவும் வேண்டும், இழப்பும் குறைய வேண்டும் என்றால் என்ன செய்வது? இரண்டையும் ஒரே கேபிளிடம் கேட்காதீர்கள் என்பதுதான் என் பதில். அசையாத தூரம் முழுவதும் தடிமனான கேபிள் போகட்டும். வளைகிற இடத்தில் மட்டும் இழைக்கடத்தியுள்ள வளைகேபிளின் சிறு துண்டு இருக்கட்டும். ஒன்றரை மீட்டர் துண்டில் அரை டெசிபல் கூடப்போனால் பெரிய நஷ்டமில்லை. நடுவில் கூடுதலாக ஒரு கனெக்டர் ஜோடி வருகிறது, அதுவும் ஒரு பலவீனம்தான், ஆனாலும் அந்தத் துண்டைத் தனியாக மாற்ற முடியும் என்பது அதைவிடப் பெரிய லாபம். வளைகிற துண்டு தேயும் பொருள். பிரேக் ஷூவைப்போல அதற்கும் ஒரு மாற்றுத்தேதி போட்டு, உதிரியாக இரண்டு ஸ்டோரில் வைத்திருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. அது வரைபட மேசையில் மட்டுமே சாத்தியம். ரீடரைப் பேனலிலிருந்து எடுத்து நகரும் பகுதியிலேயே, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் வளைகிற கேபிள் அலைக் கேபிளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மின்சாரமும் ஈதர்நெட்டும் போகும் கேபிள்தான் வளையும். அவற்றில் கேபிள் செயினுக்கென்றே செய்யப்பட்ட ரகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மின்சாரத்தையும் ஈதர்நெட் கேபிளிலேயே ஏற்றிவிட்டால் ஓடவேண்டியது ஒரே கேபிள். 1 வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைச் சுமக்கும் கேபிளை லேசான காற்றுக்குக்கூட அசையவிடக் கூடாது என்பேன். ஓட்டத்தைத் தாங்கும் வேலையைத் தாங்கக்கூடிய கேபிளுக்குக் கொடுங்கள். இந்த ஒரு முடிவு பல இடங்களில் எடுக்கப்படுவதில்லை. ரீடரைப் பேனலுக்குள் வைத்தால் பூட்டிப் பாதுகாக்கலாம், தூசி படாது, பார்க்க ஒழுங்காக இருக்கும் என்பார்கள். ரீடர் பத்திரமாக இருக்கிறது. கேபிள் சாகிறது.

வாங்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் கடையானாலும் பெரிய நிறுவனத்தின் பர்ச்சேஸ் அறையானாலும் கேபிளை நாம் சோதிக்கும் முறை ஒன்றுதான். கையில் எடுத்து வளைத்துப் பார்க்கிறோம். துவண்டால் "நல்லா சாஃப்டா இருக்கு" என்று திருப்தி. விறைப்பாக இருந்தால் தள்ளிவைக்கிறோம். கை இதில் நம்பத் தகுந்த சாட்சி அல்ல. பி.வி.சி. உறையில் நெகிழ்ப்பான் எண்ணெயைக் கூட்டினால் எந்தக் கேபிளும் துவளும். சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து அந்த நெகிழ்ப்பான் வெளியேறிவிட்டால் ஓரிரு ஆண்டில் அதே உறை கட்டைபோல ஆகி வெடிக்கும். லட்சக்கணக்கான வளைவைத் தாங்கும் செயின் கேபிளோ கையில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். உள்ளே இழைகளை நெருக்கமாக முறுக்கி, இடைவெளிகளை உறைப்பொருளாலேயே அழுத்தி நிரப்பி, எதுவும் நகர்ந்து சுருண்டுவிடாதபடி பிடித்து வைத்திருப்பதால் வரும் விறைப்பு அது. நல்ல தேங்காய்நார்க் கயிற்றில் முறுக்கு நெருக்கமாக இருப்பதால் எந்தப் புரியும் வளைவின் வெளிப்பக்கமே மாட்டிக்கொள்ளாமல் மாறி மாறி உள்ளும் வெளியும் வருவதைப்போல, கேபிளிலும் முறுக்கு நெருங்க நெருங்க இழுவிசை எல்லா இழைகளுக்கும் பங்கிடப்படுகிறது.

கை சொல்லாததைத் தரவுத்தாள் சொல்லும், கேட்டு வாங்கினால். கடத்தி எந்த வகுப்பு? ஐ.எஸ். 8130 என்ற இந்தியத் தரநிலையின்படி வகுப்பு 5 வளையக்கூடியது, வகுப்பு 6 அதைவிட மெல்லிய இழைகளால் ஆனது. அது மட்டும் போதாது. எந்த ஆரத்தில், எத்தனை லட்சம் தடவை வளைத்துச் சோதித்தார்கள்? அந்த எண்ணை நம் இயந்திரத்தின் எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். லிஃப்டர் நிமிடத்துக்கு 6 தடவை ஏறி இறங்குகிறது, நாளைக்கு இரண்டு ஷிஃப்ட், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 17 லட்சத்து 28 ஆயிரம் தடவை. 10 லட்சத்துக்குச் சோதித்த கேபிள் ஏழு மாதத்தில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். ஒரு கோடிக்கு உத்தரவாதம் தரும் கேபிள் ஐந்தரை ஆண்டைத் தாண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கும்தான். லைன் அரை நாள் நின்றால் ஆகும் செலவோடு அந்த வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, ஏனென்றால் ஒன்று பர்ச்சேஸ் கணக்கில் வருகிறது, மற்றொன்று புரொடக்‌ஷன் கணக்கில் போகிறது. விலைப்பட்டியலைப் பாருங்கள். ரீடர், ஆன்டெனா, சாஃப்ட்வேர் எல்லாம் மாடல் எண்ணோடு தனித்தனி வரியில் இருக்கும். கடைசி வரியில் "கேபிள் மற்றும் துணைப்பொருட்கள் – 1 லாட்" என்றிருக்கும். அந்த ஒரு லாட்டில் எதை வேண்டுமானாலும் போடலாம்.

ஆரத்தையும் விட்டுவிடக் கூடாது. 6 மில்லிமீட்டர் கேபிளுக்கு விட்டத்தின் பத்து மடங்கு என்றால் 60 மில்லிமீட்டர் ஆரம், அதாவது அந்த வளைவு ஒரு சாண் அகலத்தில் பாதிக்கும் மேல் இடம் கேட்கும். இடமில்லை என்று நெருக்கிப் பிடித்தால் தரவுத்தாளில் உள்ள லட்சங்கள் எதுவும் செல்லாது. ரோபோ மணிக்கட்டு இன்னொரு ரகம். அங்கே கேபிள் வளைவதோடு முறுக்கவும்படுகிறது. செயினுக்காகச் செய்த கேபிளை அங்கே போட்டால் பின்னல் முதலில் போய்விடும். முறுக்குக்கென்று சோதித்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மேலுறை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. விலை கூடியது எங்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை தவறு. கூலன்ட் தெறிக்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கும் −20 டிகிரிக் குளிர்கிடங்குக்கும் பாலியூரித்தேன் உறைதான் சரி, சாதாரண பி.வி.சி. முதலாவதில் விறைக்கும், இரண்டாவதில் வெடிக்கும். ஆனால் பால் பதனிடும் கூடத்தில், வெந்நீரும் காரக்கரைசலும் அடித்துக் கழுவும் இடத்தில், பாலியூரித்தேனைவிட அதற்கென்று செய்த நல்ல பி.வி.சி. உறை நீண்டநாள் உழைக்கும். இடத்தைப் பார்த்து உறை.

நல்ல கேபிளை வாங்கிவந்து பொருத்துவதில் கெடுப்பதும் நடக்கிறது. சுருளைத் தரையில் போட்டு வட்டம் வட்டமாக இழுத்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முறுக்கு கேபிளுக்குள் ஏறிவிடும். பிறகு செயினுக்குள் அது திருகாணிபோலச் சுருளும். சுருளை உருட்டித்தான் பிரிக்க வேண்டும். செயினின் இரு முனையில் மட்டும் கேபிளைப் பிடித்துக் கட்ட வேண்டும், நடுவில் அது தளர்வாகக் கிடக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அழகு முக்கியம். ஐந்து கேபிளைச் சேர்த்து அரையடிக்கு ஒரு டை போட்டு இறுக்கி, வாலைப் பளிச்சென்று நறுக்கிவிடுவார்கள். இறுகிய டைக்குக் கீழே நுரைக்காப்பு நசுங்கினால் அங்கே 50 ஓம் இல்லை. சர்வோ மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் கேடு இரண்டு மடங்கு. எம்12 கனெக்டரைப் பொதுவாக 0.6 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கச் சொல்கிறார்கள். விரலுக்கு அது தெரியாது, அதற்கென்று சின்ன டார்க் ரெஞ்ச் உண்டு. அதை வாங்கிக் கொடுக்காமல், நீர்க்காப்புக்கு ஐ.பி. 67 என்று போட்ட கனெக்டருக்குள் தண்ணீர் போய்விட்டதே என்று ஃபிட்டரைத் திட்டுவது நியாயமில்லை. பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கீழிறங்கி மேலேறும்படி ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அதன் அடியில் சொட்டிப் போய்விடும். பழைய ஒயர்மேன்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்கே அப்படித்தான் விடுவார்கள். இந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

என்னை வருத்துவது பணநஷ்டம் மட்டும் அல்ல. ரீட் விட்டுப்போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் யாரோ ஒருவர் ஓடுகிறார். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர். கையடக்க ரீடரை எடுத்துக்கொண்டு கன்வேயருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, பெட்டியைத் திருப்பி, எண்ணைத் தட்டி ஏற்றுகிறார். கணக்கு இடித்தால் முதலில் விசாரிக்கப்படுவதும் அவர்தான். "நீ ஸ்கேன் பண்ணியா இல்லையா?" மாதக் கடைசியில் சரக்குக் கணக்கு பொருந்தாமல் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து பெட்டிகளை எண்ணிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தூளாகிக்கொண்டிருந்த ஒரு பின்னலுக்காக அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுங்கச்சாவடி விதியிலாவது, செல்லுபடியாகும் ஃபாஸ்டேகைச் சாவடியின் கருவி படிக்கத் தவறினால் வண்டியைக் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்றிருக்கிறது. கருவியின் குறையை வண்டியோட்டியின் தலையில் கட்டக் கூடாது என்ற அந்த நியாயம் தொழிற்சாலைத் தளத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

புதிய லைனுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. போடப்போகிறவர்களிடமும், பழையதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் கேபிளுக்குத் தனி வரி கேளுங்கள். அந்த வரியில் நீளம், கடத்தி வகுப்பு, வளைவு ஆரம், சோதித்த வளைவு எண்ணிக்கை, மேலுறை ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். எழுதித் தர மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். ரீட் குறைந்தால் லைனை நிறுத்திவிட்டுக் கேபிளைப் பார்க்காதீர்கள், ஓடவிட்டு, ரீட் எண்ணிக்கையைத் திரையில் வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பி.ஓ.வில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள், மெயின்டனன்ஸ் ஆளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இது எங்கே வளையும்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும்.